புகைக்குப் போட்டி

கோடையில் காடு மொத்தமாகப் பற்றிக்கொள்ளாமல் இருக்க, தை பிறந்ததும் வனத்துறை சருகுகளை அளவாகக் கொளுத்தும். அந்தப் புகையை மலையடிவாரத்து ராட்சத விசிறி ஒவ்வொரு தெருவாக முறை வைத்து அனுப்பும். முறை வந்த தெருக்காரர்கள் சன்னல் இடுக்குகளை அடைத்துவிட்டு, காற்று சுத்திகரிக்கும் கருவியின் பக்கத்திலேயே நாளைக் கழிப்பார்கள்.

இன்று கீழத்தெருவின் முறை. அங்கேதான் கோகிலாவின் குறைமாதக் குழந்தை இருந்தது. அதன் நுரையீரல் இன்னும் தேறவில்லை. வேறொரு தெரு தானாக வந்து கேட்டாலொழிய, விசிறியை இயக்கும் ஞானதாஸால் முறையை மாற்ற முடியாது. புகையைப் போய் யார் கேட்பார்கள்? அவர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்.

மேட்டுத்தெரு பங்கஜம் மூச்சிரைக்க வந்தாள். "ஏனுங்க, புகைய எங்க தெருவுக்கு விடுங்க. ஆஸ்துமாக்காரங்கள எல்லாம் காலையிலயே டவுனுக்கு பஸ் ஏத்திட்டோம்."

பின்னாலேயே பள்ளிவாசல் தெரு அன்சாரி வந்தார். "அதெப்படி? நாங்களுந்தான் சன்னலெல்லாம் ஒட்டி முடிச்சாச்சு. புகை எங்களுக்குத்தான்!"

"போன வாரம் பூரா உங்க தெருவே இருமிட்டுக் கெடந்துச்சு. பேசாம போங்க பாய்."

"அதுதான் பழகிருச்சே அக்கா!"

புகையைத் தள்ளிவிடுவதற்கான சண்டையை மட்டுமே இத்தனை வருடம் பார்த்திருந்த ஞானதாஸ், கைபேசியில் கோகிலாவை அழைத்தார்.

"பயப்படாத தாயி. இன்னைக்கு உங்க தெருவுக்குப் புகை வராது."

"அப்ப யாருங்கண்ணா வாங்கிக்கிட்டாங்க?"

"அது இன்னும் முடிவாகலம்மா. சண்டை நடந்துட்டிருக்கு."