ஏழாவது சமாதானம்

“அந்த ஆளு மட்டும் இந்த வாசப்படி ஏறட்டும். கத்தரிக்கோல் என் கையிலதான் இருக்கு, சொல்லிட்டேன்!”

கழுத்தில் அளவு நாடாவும் கண்ணில் நெருப்புமாக வாசலில் நின்று தையல்காரம்மா கத்தியது, எதிர்ச்சாரி பேக்கரி வரை கேட்டது. கேட்கட்டும் என்றுதான் கத்தினார்.

இளம் போதகர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். நாளை மாதந்தோறும் நடக்கும் திருவிருந்து ஆராதனை. மனஸ்தாபத்தோடு யாரும் பீடத்தின் முன் முழங்கால் போடக் கூடாது; முந்தின நாளே வீடு தேடிப் போய்க் கைகுலுக்கி, ஒரு வாய் காபியாவது சேர்ந்து குடித்து ஒப்புரவாக வேண்டும். அந்தச் சபையின் பழைய வழக்கம் அது.

பேக்கரிக்காரர் இந்த வீடு தேடி வந்து ஆறு மாதங்களாக ஆறு முறை கைகுலுக்கியாகிவிட்டது. ஆறு முறையும் மாதம் முடிவதற்குள் மறுபடி சண்டை. அவர் மனைவியை இழந்தவர், இவர் கணவரை இழந்தவர். தனியாக இருப்பவர்களுக்குச் சண்டையாவது துணையாக இருக்கட்டும் என்று சபையில் கேலி வேறு.

ஆனால் இப்போது இருவரும் பாடும் பாடகர் குழுவே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. “இந்தத் தடவையும் அடியோட தீரலைன்னா, ரெண்டு பேருக்கும் திருவிருந்து கிடையாது” என்று சபை மூப்பர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

“அக்கா, அண்ணனைக் கையோட கூட்டிட்டு வந்திருக்கேன். உள்ள விடுங்க” என்றார் போதகர்.

அவருக்குப் பின்னால், மழமழவென்று சவரம் செய்த முகமும் சூடான ரொட்டிப் பொட்டலமுமாக, இறக்கி வைத்த மாவு மூட்டை மாதிரி நின்றிருந்தார் பேக்கரிக்காரர்.

மூன்றாம் வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. “என்னங்க ஐயா, அவரு எதுக்கு அந்தம்மா வீட்டுக்குள்ள போறாரு?”

“சமாதானம் பண்ணிக்கத்தாம்மா.”

“ஓ, அதுவா!” ஜன்னல் சப்பென்று மூடிக்கொண்டது.

உள்ளே, எப்போதும் துணி குவிந்து கிடக்கும் மேசை பளிச்சென்று துடைத்திருந்தது. அதன் மேல் இரண்டு கோப்பைகள். ஒன்று தமக்குத்தான் என்று போதகர் உரிமையோடு எடுத்துக்கொண்டார். தையல்காரம்மா ஒரு கணம் விழித்துவிட்டு, சமையலறைக்குப் போய் மூன்றாவது கோப்பையை எடுத்து வந்தார்.

“ஒருத்தர் மேல ஒருத்தருக்கு என்னென்ன குறையோ, எல்லாத்தையும் கொட்டிடுங்க. இன்னைக்கு ஒண்ணு விடாம எழுதி முடிச்சிடுவோம்.” போதகர் பேனாவைத் திறந்தார்.

“இவரு அடுப்புக் கரி பூரா நான் தைச்சு மாட்டியிருக்கிற கல்யாண கவுன் மேலதான். அதைப் போட்டுக்கப் போறவ மணப்பொண்ணா, கரிக்கடைக்காரியா?”

“இந்தம்மா மிஷின் மட்டும் தாலாட்டுப் பாடுதாக்கும்! விடியறதுக்கு முன்னாடி எழுந்து மாவு பிசையறவன், மத்தியானம் கொஞ்சம் கண்ணை மூட வேண்டாமா?”

“அது கிடக்கட்டும். கோயில்ல ஒவ்வொரு பாட்டுலயும் கடைசிச் சொல்லைப் பிடிச்சு ரப்பர் மாதிரி இழுக்கறாரு. நாங்க அடுத்த அடிக்குப் போயாச்சு, இவரு இன்னும் முந்தின அடியிலயே குடித்தனம் நடத்தறாரு!”

“நான் பக்தியா பாடறேன். இந்தம்மா பஸ்ஸைப் பிடிக்கப் பாடுது.”

போதகர் சிரிப்பை உதட்டுக்குள் மென்றுகொண்டு எழுதித் தள்ளினார். புகைபோக்கியை வேறு பக்கம் திருப்ப வேண்டும். தையல் மிஷினுக்கு மத்தியானம் இரண்டு மணி நேரம் ஓய்வு. பாட்டை அவர் இழுக்கவும் கூடாது, இவர் விரட்டவும் கூடாது. இப்படியே பத்து அம்சங்கள்.

“எங்கே, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க.”

பேக்கரிக்காரர் பெருமூச்சோடு போட்டார். தையல்காரம்மா, விரலில் ஊசி ஏறியவர் போல் முகத்தைச் சுளித்துக்கொண்டே போட்டார்.

“ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்! இனி சண்டைக்கு வழியே இல்லை. மாசா மாசம் அண்ணன் இந்த வாசல்ல வந்து நிக்கற சங்கடமும் ஒழிஞ்சுது!”

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மனம் கரைந்து நிற்கிறார்கள் என்று போதகர் நினைத்துக்கொண்டார். ஒரு சின்ன ஜெபம் பண்ணி, “காபியைக் குடிச்சுட்டு மெதுவா வாங்க அண்ணே” என்று சொல்லிவிட்டு உற்சாகமாக இறங்கினார்.

சைக்கிளில் கால் வைத்த பிறகுதான், அந்தப் பத்து அம்சக் காகிதத்தை மேசையிலேயே விட்டது நினைவுக்கு வந்தது. மூப்பர்களிடம் காட்ட வேண்டுமே! திரும்பப் படியேறினார். கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே தையல்காரம்மாவின் குரல், வாசலில் கத்திய குரலே இல்லை, தழுதழுத்தது. “எல்லாத்தையும் எழுதித் தீர்த்துட்டுப் போயிட்டாரே. இனிமே எதைச் சாக்கு வச்சு நீங்க இங்க வருவீங்க?”

கதவைத் தட்டப் போன போதகரின் கை அந்தரத்திலேயே நின்றது.

பேக்கரிக்காரர் மெல்லச் சிரித்தார். “அழாத. நாளைக்கே பாட்டை இழுத்துடறேன்.”