மஞ்சள் நங்கூரம்

படீரென்று ஒரு சத்தம். பாயசம் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கரண்டியும் கையுமாகத் திரும்பினார்கள்.

இராஜசிங்கத்தின் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கப்பற்கொடி, சட்டமும் கண்ணாடியுமாகத் தரையில் கிடந்தது.

எல்லோர் வாயிலும் "ஐயோ" வந்தது. அருட்செல்வன் வாயிலும் வந்தது. உள்ளுக்குள் மட்டும் அவருக்குப் பாயசத்தைவிட இனித்தது.

முதலில் குனிந்தது அவர் மனைவி பவதாரணி. கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள், குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல.

அதுவும் அவருக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு வருடமாக அந்தக் கொடி அவர் வயிற்றில் எரிகிறது. நீலத் துணி. நடுவில் சீட்டுக்கட்டு டயமன் போல ஒரு வெள்ளைக் கட்டம். அதற்குள் மஞ்சள் நங்கூரம். ஹம்பேர்க்கின் தோர்பெக் கப்பல் கொம்பனியின் கொடி.

அந்தக் கொம்பனிக் கப்பலில் நான்கு வருடம் இயந்திர அறைக்குள் எண்ணெயில் குளித்தவர் அருட்செல்வன். பிறகு சுவிசுக்கு வந்து, பேர்ணில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் முப்பது வருடம். கடலில் இருந்ததற்கு ஒரு கயிற்றுத் துண்டுகூட அவரிடம் மிச்சமில்லை.

ஆனால் பேர்ணுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகன் தமிழ்ச்சனம் முழுவதும் 'கப்பல் அண்ணை' என்று அழைப்பது இராஜசிங்கத்தை!

எந்தக் கப்பல், எந்த வருடம் என்று கேட்டால் மனுசன் மீசைக்குள் சிரிப்பார். சுற்றி நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். பிஸ்கே விரிகுடாவில் தான் பட்ட புயலை அருட்செல்வன் சொல்லத் தொடங்கினாலோ, அதே ஆட்களுக்கு ட்ராமுக்கு நேரமாகிவிடும்.

இந்த வீட்டில் குடிபுகுந்த குடிபூரலுக்கு அருட்செல்வனும்தான் பரிசு கொடுத்தார். அவருடைய அறுபதாவது பிறந்தநாள் முடிந்த அடுத்த கிழமை அது. பவதாரணிக்கு வேலை. வந்து குவிந்திருந்த பார்சல்களில் பிரிக்காத ஒன்றை எடுத்துக்கொண்டு தனியாக வந்தார். நம்மில் யார் செய்யாதது? அது எந்த மூலையில் கிடக்கிறதோ! கொடிக்கு மட்டும் கண்ணாடி போட்ட சட்டம்.

போதாததற்கு, பவதாரணி. ஊருக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுக்கும் அவள், இங்கே வந்தால் ஊசியை மறந்தவள்போல் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். தன்னை அவள் எப்போது அப்படிப் பார்த்தாள் என்று எண்ணிப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

கடைசியில் ஹம்பேர்க்குக்கே கடிதம் போட்டார். வந்தது ஒரு கையேடு. கொம்பனியின் நூற்றிருபது வருட வரலாறு, கொடிகளின் வண்ணப் படங்களோடு. மூன்று கிழமையாக அது அவர் கோட்டுப் பையில் தருணம் பார்த்துக் கிடந்தது.

இதோ, தருணம்.

"இதை ஒருக்காப் பாருங்கோ!" கையேட்டை விரித்துத் தலைக்கு மேலே பிடித்தார். "முதல் கொடியிலை வெறும் நீலம். மகன் முதலாளியான காலத்திலை வெள்ளை டயமன் வந்தது. வேறொரு கொம்பனியோடை சேர்ந்தாப்பிறகு அவையின்ரை பச்சை நங்கூரம். இப்ப எழுத்து மட்டும். நாலு கொடி. ஒண்டிலையாவது மஞ்சள் நங்கூரம் இருக்கோ? இது கள்ளக் கொடி!"

எல்லோரும் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள்.

இராஜசிங்கத்தின் மீசை தொங்கிப்போனது. "நான் கப்பலிலை போனனான் எண்டு ஒருநாளும் சொல்லேல்லை அண்ணை. குடிபூரலுக்குப் பேரில்லாமல் வந்த ஒரு பார்சலுக்கை இருந்தது. வடிவாயிருந்துது, மாட்டினன். சனம் கப்பல் அண்ணை எண்டு கூப்பிடேக்கை... சந்தோசமாயிருந்துது. அவ்வளவுதான்."

வென்றாயிற்று! அருட்செல்வனின் நெஞ்சு கப்பற்பாய்போலப் புடைத்தது.

கண்ணாடித் தூளைக் கூட்டத் தும்புத்தடியோடு வந்த இராஜசிங்கத்தின் மகள் சாருஜா, கையேட்டையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப மஞ்சள் எங்கையிருந்து வந்தது மாமா?"

அருட்செல்வன் கையேட்டைத் தாழ்த்தி, பச்சை நங்கூரப் படத்தை மறுபடி பார்த்தார்.

மஞ்சள் அவருடைய கப்பலில் இருந்தது.

பல வருட வெயிலிலும் உப்புக் காற்றிலும் அந்த ஒரு கப்பலின் கொடியில் மட்டும் பச்சை நங்கூரம் இலை பழுத்ததுபோல் மஞ்சளாகிப் போயிருந்தது. எந்தக் கையேட்டிலும் ஏறாத கொடி. படத்தில் பச்சையைக் கண்ட சந்தோஷத்தில், தன் கண்ணால் நான்கு வருடம் கண்ட மஞ்சளை மனுசன் மறந்தே போனார். பொறாமைக்கு அந்தச் சக்தி உண்டு.

அந்த மஞ்சளைப் பற்றி அவர் ஒரேயொரு ஆளிடம்தான் சொல்லியிருந்தார். கலியாணமான புதிதில்.

அவர் கண்கள் மெல்லத் தரைக்கு இறங்கின.

பவதாரணி இன்னும் குந்திக்கொண்டுதான் இருந்தாள். கொடி அவள் மடியில் இருந்தது. ஓரத்தில் பிரிந்திருந்த ஒரு தையலை விரலால் நீவிவிட்டபடி, தலை நிமிராமலே சொன்னாள்:

"உங்கடை அறுபதுக்கெண்டு நான் ஒளிச்சு ஒளிச்சுத் தைச்சது இது, பிரிச்சும் பாக்காமல் நீங்கள்தானே கொண்டந்து இவைக்குக் குடுத்தனீங்கள்."