வாலைக் கொடுத்தது யார்?

நான் முருகன் கோயில் பல்லி. என் மச்சான் பக்கத்துப் பள்ளிக்கூடத்து அறிவியல் அறையில் குடியிருக்கும் பல்லி. ஒருநாள் அவன் கோயிலுக்கு வந்தபோது எங்களுக்குள் பெரிய சண்டை.

"அறுந்தாலும் முளைக்கிற வால் முருகன் கொடுத்தது" என்றேன்.

"இல்ல மச்சான். நம்ம முன்னோர் கோடி வருஷமா எதிரிகிட்ட இருந்து தப்பித் தப்பியே வந்த வால் இது" என்றான்.

எங்கள் சத்தம் கேட்டு மடப்பள்ளிப் பூனை பாய்ந்தது. மச்சான் "முருகா!" என்று அலறியபடி சுவர் விரிசலுக்குள் புகுந்தான். நான் வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு அவன் பின்னாலேயே ஓடினேன்.

"நீதானே முருகனைக் கூப்பிட்டே?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"நீ ஏன் கூப்பிடல?"

"எங்க நேரம் இருந்துச்சு, மச்சான்?"

எனக்கு வால் முளைக்கும்வரை அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.