முனிரத்தினம் போட்ட சத்தம்

காலை பத்து நாற்பது. டென்னிஸ் ஆட்டம், கடைசி டைபிரேக்கரில் ஐந்துக்கு ஐந்து. சர்வீஸ் கலைமதி.

ஏழு புள்ளி எடுக்க வேண்டும். இரண்டு வித்தியாசம் வேண்டும். ஜெயிப்பவளுக்கு மாநிலப் போட்டியில் இடம். ஒரே இடம்.

மகளின் முதுகுக்குப் பின்னால், கம்பி வேலியைப் பிடித்தபடி முனிரத்தினம் நின்றார். ஒரகடத்தில் ஷிப்ட் முடித்து, யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

"இன்னொரு தபா வாயத் தொறந்த, அவ்ளோதான்" என்றாள் அவர் மனைவி எழிலரசி.

காரணம் இருந்தது. முதல் கேமிலேயே, "பேக்ஹேண்ட்ல போடு கலை!" என்று கத்திவிட்டார். நடுவர் நெல்லையப்பன் வேலியருகே வந்து எச்சரித்தார்.

"வெளிய நின்னு சொல்லிக் குடுக்கப்பிடாது சார். இன்னொரு தடவ கத்துனீங்கன்னா எதிர்ல ஆடுத பிள்ளைக்கு ஒரு புள்ளி போயிரும், பாத்துக்கிடுங்க."

அப்போதிலிருந்து முனிரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

கோர்ட் இரண்டு, நடுவர் ஒருவர். தன் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று ஆடும் பிள்ளையேதான் சொல்ல வேண்டும்.

கலைமதி சர்வீஸ் போட்டாள். எதிரே ரெபேக்கா திருப்பி அடித்தாள். எட்டு அடி, பத்து அடி, பதினைந்து. வேலியோரம் யாரும் மூச்சு விடவில்லை. ரெபேக்கா ஓங்கி விட்ட பந்து கலைமதியின் பின்கோட்டருகே விழுந்து எகிறியது.

கலைமதி விரலைத் தூக்கினாள். "அவுட்!"

ரெபேக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்காகப் பேச அங்கே ஆளில்லை. அப்பா, அம்மா இருவருக்கும் கம்பெனியில் ஓவர்டைம். நடுவர் பக்கத்துக் கோர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு–ஐந்து. இன்னும் ஒரே புள்ளி! எழிலரசி துள்ளினாள்.

"கலை! பேக்ஹேண்ட்ல போடு!"

மொத்தக் கூட்டமும் திரும்பியது. முனிரத்தினம்தான்.

நெல்லையப்பன் நடந்து வந்தார். "சொன்னேம்லா சார்?"

ஆறு–ஆறு.

"யோவ், நீ அப்பனா, வில்லனா?" என்றார் பக்கத்தில் நின்ற கோதண்டம். அவர் பையனும் அங்கே ஆடுகிறவன். "உன் வாயிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போடுய்யா."

அடுத்த இரண்டு புள்ளியும் ரெபேக்காவுக்கு. எட்டு–ஆறு! அவள் ராக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குதித்தாள். கூட்டம் விசிலடித்தது.

பைக்கில் வழி முழுக்க எழிலரசி நிறுத்தவில்லை. "பொண்ணு தலையில மண்ண வாரிப் போட்டுட்டியே. அரை நிமிஷம் கம்முனு கெடக்க முடியாதா உன்னால?"

நடுவில் உட்கார்ந்திருந்த கலைமதி, வடக்குப்பட்டு திருப்பத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"அப்பா... நீ பாத்துட்டியா?"

"பின்னாடியேதான நின்னுகினு இருந்தேன். பால் கோட்டு மேல பட்டுச்சு. உள்ளதான்."

எழிலரசி பின்னாலிருந்து எட்டி மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"நாலு பேர் எதிர்ல உன்னப் பொய்க்காரின்னு சொல்ல மனசு வரல கண்ணு. அந்தப் பாய்ண்ட்ட திருப்பிக் குடுக்க எனக்கு வேற வழி தெரியல."

2025 நவம்பர் 3 அன்று, போட்டியை நடத்திய சங்கம் முனிரத்தினம் மைதானத்துக்குள் வர ஆறு மாதம் தடை விதித்தது. கடிதத்தில் இருந்த காரணம்: ஆட்டத்தின் நேர்மையைக் கெடுத்தது.