பாறையில் பூத்தது

"செங்குத்துப் பாறை. கீழே நூறடிப் பள்ளம். கை நழுவினா எலும்புகூடத் தேறாது. அங்கதான் இது பூத்துக் கிடந்துச்சு!"

ரெக்ஸ் டன்ஸ்டன் சொல்லி முடித்ததும் சுற்றி நின்ற இருபது பேரும் வாயைப் பிளந்தார்கள். ஆஸ்திரேலியாவின் டோரிகோ ஊர் மண்டபத்து ஆர்க்கிட் கண்காட்சியில் அவர் மேஜை முன்னால் இத்தனை பேர் நின்றதே இல்லை.

காலையிலிருந்து அவர் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைவிடச் சின்ன, ரோஸ் நிறப் பூ பூக்கிற உள்நாட்டுக் குட்டி ஆர்க்கிட். தூசி மாதிரி விதையைப் பாட்டிலில் போட்டு, முளைக்கவைத்து, ஏழு வருஷம் காத்திருந்து பூக்கவைத்திருந்தார்.

ஆனால், "முதல்ல பாட்டிலை நல்லாக் கொதிக்க வைக்கணும்..." என்று அவர் ஆரம்பித்தாலே ஜனங்கள் கேக் மேஜைப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

பக்கத்து மேஜை மெர்வ், காட்டில் பாம்பு துரத்திய கதையைச் சொல்லி, நர்சரியில் வாங்கிய செடிக்குக் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தார். "என்ன ரெக்ஸ், இன்னும் பாட்டில்தான் கழுவிட்டிருக்கியா?" என்று நக்கல் வேறு.

பதினொரு மணிக்கு ரெக்ஸுக்குப் பொறுமை போயிற்று. ஏணியில் மூன்றாம் படி ஏறினாலே தலைசுற்றும் மனிதர், வாயாலேயே பாறையில் இறங்கிவிட்டார்.

டீ ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி நோலீன், கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தையே பார்த்தாள். முப்பது வருஷத்தில் தன் கணவன் பேச்சை இவ்வளவு பேர் கேட்டு அவள் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகும் ஒருவர் மட்டும் நின்றார். பூவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எந்தப் பாறை? எந்த மாசம்? எத்தனை செடி எடுத்தீங்க?" என்று கேட்டுக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார்.

பத்திரிகைக்காரர் என்று நினைத்து ரெக்ஸ் உச்சி குளிர்ந்துபோனார். "அருவிக்கு மேற்கே, தேசியப் பூங்காக் காட்டுக்கு உள்ளே. ஒரு நாப்பது செடி இருக்கும். ரெக்ஸ் டன்ஸ்டன்னு முழுப் பேரையும் போட்டுருங்க."

"கண்டிப்பாப் போடறேன்" என்று அவர் அடையாள அட்டையை நீட்டினார். வனத்துறை. "பூங்காவுல பாதுகாக்கப்பட்ட செடியைப் பறிச்சா கோர்ட்டுக்குப் போகணும். செடி மொத்தமும் பறிமுதல்."

ரெக்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ சார், சொன்னது அத்தனையும் பொய்! விதை போட்டு வளர்த்தது சார். ஏழு வருஷம்!"

"மாட்டுறவங்க எல்லாரும் விதைன்னுதான் சொல்றாங்க. சாட்சி இருக்கா?"

"என் பொண்டாட்டி இருக்கா! ஏழு வருஷமா அவ சமையல் மேடையில பாதி என் பாட்டில்தான். அவளைக் கேளுங்க. பொய்யே பேச மாட்டா."

"சரி. ஆனா அவங்க பதில் சொல்ற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

இருவரும் டீ மேஜைக்குப் போனார்கள். பின்னாலேயே மெர்வும் இளித்துக்கொண்டு வந்து நின்றார்.

"மேடம், பாறையில இறங்கி அந்தச் செடியை எடுத்ததா உங்க வீட்டுக்காரர் சொன்னாரு. அது உண்மையா?"

நோலீன் கணவனைப் பார்த்தாள். முகமெல்லாம் வியர்வை, கண்ணில் கெஞ்சல். மெர்வின் இளிப்பையும் பார்த்தாள். இந்த ஒரு நாள் கிடைத்த மரியாதையையும் பிடுங்கவா வந்திருக்கிறார்கள்? ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இதுல என்ன சார் சந்தேகம்? மேலே நின்னு கயித்தைப் பிடிச்சதே நான்தான்!"