நிரம்பாத பாபின்

சிநேகிதரான சலூன்காரரை நம்பி, தையல்காரர் படகேறி மீன் பிடிக்கப் போனார். நடுக்கடலில் என்ஜின் மக்கர் பண்ணியது. மூடுபனியில் கரை தெரியவில்லை. நீரோட்டம் வெளியே இழுத்தது.

“நீந்தத் தெரியுமாடா?” என்றார் தையல்காரர்.

“எனக்கு முங்கத்தான் தெரியும்.”

அப்போது, படகு விளிம்பில் கட்டியிருந்த தூண்டில் நரம்பு விறைத்தது. ஏதோ ஒன்று விட்டு விட்டு, நிதானமாக, நீரோட்டத்துக்கு எதிராகப் படகையே இழுத்துக்கொண்டு போனது. படகு மணலில் தட்டியதும் நரம்பு அறுந்தது.

வீட்டில் மனைவி தையல் மிஷின் முன்னால் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

“காலையிலேர்ந்து பாபின்ல நூல் சுத்துறேங்க, நிரம்பவே மாட்டேங்குது. நிறுத்தினா ஏதோ ஆயிடும்போல இருந்துச்சு, மிதிச்சுக்கிட்டே இருந்தேன். கொஞ்சம் முன்னாடிதான் அறுந்துச்சு.”

கட்டைவிரல் அளவு பாபின். அதிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.