ரெண்டாவது சுருள்

"பைப்பை யாருக்கு வித்தீங்க?"

ஷைலா கேட்டதும் கூட்டம் அடங்கிவிட்டது.

குணசுந்தரி எழுந்து நின்றாள்.

மாரிகுப்பத்துக்கு அப்பால் தக்காளி போடுகிற சிறு விவசாயிகளுக்கு உதவும் கிறிஸ்தவ சங்கம் அது. ஷைலா பெங்களூரிலிருந்து இயக்குநராக வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. இதுவரை யாரும் எதையும் சரியாகப் பார்க்கவில்லை என்பது அவள் எண்ணம். அதனால் ஒவ்வொரு நிலமாக அவளே நேரில் போய் வந்தாள்.

"சொட்டு நீருக்கு ரெண்டு சுருள் பைப் குடுத்தோம். நேத்து வந்து பார்த்தா பாதி நிலத்துலதான் பைப் இருக்கு. மீதி காய்ஞ்சு கிடக்கு. ரெண்டாவது சுருள் எங்கே?"

"இல்ல மேடம்."

"இல்லைன்னா? வித்துட்டீங்களா?"

குணசுந்தரி தலையைக் குனிந்துகொண்டாள். இருபது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உதவின்னு குடுத்த பொருளை விக்கிறவங்களுக்கு இங்கே இடமில்லை" என்ற ஷைலா, பட்டியலை எடுத்து எல்லோர் முன்னாலும் அவள் பெயரை அடித்தாள்.

குணசுந்தரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீ வருவதற்குள் வெளியேறிவிட்டாள்.

திரும்பும்போது ஜீப்பை ஓட்டிய களப்பணியாளர் டென்சில், கோரமண்டல் ஊரைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அந்தம்மா பைப்பை விக்கல மேடம். பக்கத்து நிலத்து லதாவுக்குக் குடுத்துடுச்சு."

"எந்த லதா?"

"புருஷனை ஆஸ்பத்திரியில வச்சிட்டு, பைப்புக்கான ஃபாரத்தை ரெண்டு நாள் லேட்டா எடுத்தாந்துச்சே. தேதின்னா தேதிதான்னு நீங்க திருப்பி அனுப்பிட்டீங்க."

ஷைலாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இதை அங்கேயே சொல்றதுக்கென்ன? நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் பாத்தேன். அந்தம்மா வேணாம்னு கண்ணைக் காட்டிச்சு. லதாவும் அங்கதானே குந்தினு இருந்துச்சு மேடம். நாலு பேரு எதிர்ல அது தலை குனியக்கூடாதுன்னு பாத்திருக்கும்."

ஷைலா வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். சோற்றைத் தள்ளி வைத்தாள். பேனாவால் அடித்தபோது குணசுந்தரி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாளே, அந்தப் பார்வை கண்ணைவிட்டுப் போக மறுத்தது.

மறுநாள் காலை டென்சிலைக்கூட அழைக்காமல் தனியாகக் கிளம்பினாள்.

குணசுந்தரி கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து, காய்ந்த பாதியில் ஒவ்வொரு செடியாக ஊற்றிக்கொண்டிருந்தாள். முழங்கால்வரை சேறு. வரப்புக்கு அந்தப் பக்கம் லதாவின் தக்காளி பச்சைப்பசேலென்று நின்றது.

"வாங்க மேடம்" என்று குடத்தை இறக்கினாள். நேற்று ஒன்றுமே நடக்காதது போல இருந்தது அந்த அழைப்பு.

ஷைலாவால் அவளை நேராகப் பார்க்க முடியவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா. விஷயம் தெரியாம எல்லார் முன்னாலயும் பேசிட்டேன். உங்க பேரை மறுபடி எழுதிட்டேன். லதா பேரையும் சேர்த்துட்டேன்."

"அட, பரவால்ல மேடம். அதுக்கா இம்மாம் தூரம் வந்தீங்க?"

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இயக்குநர் நாற்காலி அவளை விடவில்லை.

"இருந்தாலும், சங்கத்துப் பொருள் இல்லையா? யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

குணசுந்தரி புரியாமல் அவளைப் பார்த்தாள்.

"உங்களைக் கேட்டுதான் மேடம். நீங்க வந்த அன்னிக்கு ஜெபம் முடிஞ்சு பேசினீங்களே, நமக்குக் கெடைச்சதுல பாதி, பக்கத்துல இருக்கிற இல்லாதவங்களுதுன்னு!"